ஏழாவது டிகோடர்

மீட்டர் என்று அவனுக்குப் பெயர் வைத்தவர்கள் குடிநீர் அலுவலகத்தில் கூட வேலை பார்த்தவர்கள். இருபத்தெட்டு வருஷம் அவன் அங்கே செய்தது ஒரே வேலை. வீடுகளில் மாட்டுவதற்காக வரும் தண்ணீர் மீட்டர்களை ஒரு நீளக் குழாயில் வரிசையாகப் பொருத்தி, நூறு லிட்டர் தண்ணீரைத் திறந்துவிட்டு, முள் நூறில் நிற்கிறதா என்று பார்ப்பான். நின்றால் பச்சைச் சீட்டு, நிற்காவிட்டால் சிவப்புச் சீட்டு. சோதித்த தண்ணீர் சாக்கடைக்குப் போகும். ஒரு வறட்சியின்போது தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தது. "போற தண்ணிதானே, அதையாவது பிடிச்சுக்கறோம்" என்று அலுவலக வாசலில் வந்து கெஞ்சினவர்களிடம், "அது டெஸ்ட் தண்ணி" என்று சொல்லிக் கதவைச் சாத்தினான். அவனைப் பற்றி யாராவது விசாரித்தால் அவன் அக்கா இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வாள். அதற்குமேல் கேட்க யாருக்கும் ஒன்றும் இருக்காது.

அதெல்லாம் அக்காவுக்கு வாய் ஓடிய காலத்தில்.

அக்கா செருப்புத் தொழிற்சாலையில் தையல் பிரிவுக்குச் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள். நாற்பது தையல் இயந்திரங்கள் ஒன்றாக ஓடும் இரைச்சலுக்கு மேலே அவள் குரல் கேட்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "நாப்பது பேரை மேய்ச்சுட்டு வீட்டுக்குப் போயி நாப்பத்தோராவதையும் மேய்க்கணுமா?" என்பாள். சொந்தமாக இரண்டு அறை வீடு, அதில் அவள் வைத்ததுதான் சட்டம். ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பிரஷ் கையை விட்டு நழுவியது. எடுக்கக் குனிந்தவள் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம்.

ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் போயிற்று. கால் திரும்பிவிட்டது. வலது கை பாதி திரும்பியது. பேச்சு வரவில்லை. சொன்னதெல்லாம் புரியும், சொல்ல நினைப்பதும் தெளிவாக இருக்கும், ஆனால் சொற்கள் இருக்கிற அலமாரி பூட்டிக் கிடந்தது. தண்ணீர் கேட்க வாயைத் திறந்தால் "சாவி" என்று வரும். ஜன்னலைக் காட்டி "அது... அது..." என்று நிற்பாள். வசவு மட்டும் சுத்தமாக வந்தது. வாதம் வந்தவர்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இது ஆச்சரியமில்லை. நோயாளிக்குத் தன் பெயர் வராது, ஒன்று இரண்டு மூன்று வரும், வசவு வரும். அதற்கு மூளையில் தனி வாசல் இருக்கிறது. நர்ஸ் ஊசி போட வந்தால், கையை நீட்டிக்கொண்டே "எருமை" என்பாள். பிறகு தலையை ஆட்டி மன்னிப்புக் கேட்பாள்.

அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போவதென்று முடிவு செய்தது மீட்டரின் மனைவி. அவள் அதே ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை செய்பவள். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் மூன்று மணிக்குத் திரும்புவாள். ஒரு நாளைக்கு முந்நூறு போர்வை அவள் கையில் மடியும். மீட்டரோ ஓய்வு பெற்றவன், நாள் முழுக்க வீட்டில். "அவர் இருக்காரே, பாத்துக்குவாரு" என்று அவள் நம்பினாள். பாவம், பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியும் நம்பினாள்.

கிளம்புகிற அன்று பேச்சுப் பயிற்சி தருகிற பெண் மூவரையும் உட்காரவைத்து, மனைவியைப் பார்த்துச் சொன்னாள்.

"உங்க அண்ணி திரும்பத் தனியா இருக்கணும்னு ஆசைப்படறாங்க. இருக்கலாம். ஆனா ஃபோனை எடுத்து, தன் பேரு, விலாசம், என்ன ஆச்சு, இந்த மூணையும் சொல்ல வரணும். ஆறு வாரம் கழிச்சு நானே பக்கத்து அறையிலேருந்து ஃபோன் பண்ணிக் கேப்பேன். சொல்லிட்டா, தனியா இருக்கலாம்னு எழுதித் தர்றேன்."

"சொல்லலேன்னா?" என்றாள் மனைவி.

"இவங்க இருப்பு உங்க வீட்லதான்."

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "ஐயோ" என்று தெளிவாகச் சொன்னாள்.

"அதுக்கு என்ன பண்ணணும்?" என்று மனைவி கேட்டாள்.

"தினம் அரை மணி நேரம் யாராவது பக்கத்துல உக்காந்து பேப்பரை மெதுவாப் படிக்கணும். இவங்க கண்ணு எழுத்துல இருக்கணும், காது உங்க குரல்ல இருக்கணும், வாய் கூடவே அசையணும். மூணும் ஒண்ணா நடக்கணும். வேற மந்திரமெல்லாம் கிடையாது."

மீட்டர் அப்போதுதான் வாயைத் திறந்தான். "பேப்பர் எதுக்கு மேடம்? எங்க வீட்டுல கம்ப்யூட்டர்லயே டிஜிட்டல் டி.வி. வருது. காலையில பத்து மணிச் செய்தியில, காது கேக்காதவங்களுக்காக, வாசிக்கிறவர் பேசறதை அப்படியே கீழ எழுத்தாப் போடறாங்க. குரலும் இருக்கு, எழுத்தும் இருக்கு."

"அதுவும் சரிதான். ஆனா விடாம நடக்கணும்."

"அதை என்கிட்ட விடுங்க."

அரை மணி நேரம் தன் வாயால் படிக்கிற வேலையை ஒரு பெட்டியின் தலையில் கட்டிவிட்டான் என்பது அக்காவுக்கு அந்த நொடியே புரிந்தது. சொல்லத்தான் முடியவில்லை. சொல்ல முடிந்ததை மட்டும் சொன்னாள். "தண்டம்."

மீட்டரின் வீட்டில் டி.வி. என்று ஒரு பொருள் கிடையாது. இருந்ததை நாலு வருஷத்துக்கு முன்பே தூக்கிக் கொடுத்துவிட்டான். அக்கா வீட்டில் இருந்த பழைய டி.வி.யும், டிஜிட்டல் வந்து பழைய ஒளிபரப்பை நிறுத்தியதிலிருந்து துணி போட்டு மூடின பெட்டிதான். மனைவி புதிதாக ஒன்று வாங்கலாமென்று எப்போதாவது சொன்னால், "கம்ப்யூட்டர்ல வர்ற படத்தோட கால்தூசிக்கு வருமா அது?" என்பான். முன்னறையில் மேஜைமேல் கம்ப்யூட்டர், அதன் முதுகில் டி.வி. அலையைப் பிடிக்கிற, கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு டியூனர், அதிலிருந்து ஓடின ஒயர் ஜன்னல் கம்பியில் துணிக் கிளிப் போட்டு மாட்டின ஆன்டெனாவுக்குப் போனது. அந்த ஜன்னலை யாரும் திறக்கக்கூடாது. திறந்தால் இரண்டு சேனல் போய்விடும். ஆகவே முன்னறையில் வெயில் காலத்திலும் காற்று கிடையாது.

அவனுடைய உயிர்நாடி டிகோடர். காற்றில் வருகிற டிஜிட்டல் படம் இறுக்கி மடித்த போர்வை போல வரும். அதைப் பிரித்து உதறித் திரையில் விரிக்கிற வேலையைச் செய்யும் மென்பொருளுக்குத்தான் டிகோடர் என்று பெயர். ஒரு போர்வையை உதற ஒரு ஆள் போதும். மீட்டர் அங்கிருந்தும் இங்கிருந்தும் இறக்கி ஆறு ஆள் சேர்த்து வைத்திருந்தான். டியூனரோடு கூடவே வந்த டிகோடர் ஒன்று, பிறகு சேர்த்தவை ஐந்து. படத்தில் யாராவது கையை வீசினால் விளிம்பில் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் தெரிகின்றனவா, இல்லையா என்பது அவன் வாழ்க்கைப் பிரச்சினை. ஒவ்வொரு டிகோடரையும் மாற்றி மாற்றிப் போட்டு, மூக்கு திரையில் படுகிற தூரத்தில் உட்கார்ந்து, ஒரு நோட்டில் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவான். ஒரு நாடகத்தை, ஒரு பந்தயத்தை, ஒரு செய்தியை அவன் முழுதாகப் பார்த்ததே இல்லை. யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் தெரியாது. ஓடினவனுடைய முழங்காலில் பல் தெரிந்ததா என்று கேட்டால் தெரியும்.

அவனைப் போலவே இன்னும் இருநூறு பேர் கம்ப்யூட்டருக்குள் ஒரு மன்றம் வைத்திருந்தார்கள். யாருடைய டிகோடர் உசத்தி என்று அங்கே அடித்துக்கொள்வார்கள். அந்த இருநூறு பேர் வீட்டிலும் யாரோ ஒரு பெண் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டிருப்பாள் என்பது நிச்சயம்.

இருந்தாலும் முதல் ஐந்து நாள் நன்றாகவே போயிற்று. டியூனரோடு வந்த பழைய டிகோடரில் படம் சுமார்தான், ஆனால் எழுத்து பெரிதாக, நிதானமாக வந்தது. அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இடது கையால் தொடையில் தட்டிக்கொண்டு, வாசிப்பவரோடு சேர்ந்து வாயை அசைத்தாள். இரண்டாம் நாள் "பாலம்" வந்தது. மூன்றாம் நாள் "அமைச்சர்" வந்தது, அதனால் யாருக்கும் உபயோகமில்லை என்றாலும். ஐந்தாம் நாள் சாயங்காலம், மனைவி தட்டு வைக்கும்போது, அக்கா ஜன்னலைப் பார்த்து, "மழை வரும்" என்றாள். இரண்டு சொல், ஒன்றன்பின் ஒன்றாக. மனைவி தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மீட்டர் திரையிலிருந்து தலையைத் திருப்பாமல், "இந்த டிகோடர் சரியில்ல. வாசிக்கிறவர் கோடுபோட்ட சட்டை போட்டாலே பல்லு பல்லாத் தெரியுது" என்றான்.

ஆறாம் நாள் காலை பத்து மணிக்கு அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபோது படம் பளபளவென்று வந்தது. எழுத்து வரவில்லை. ஏழாவது டிகோடர் இறங்கியிருந்தது.

அக்கா காத்திருந்தாள். திரையின் அடியில் தலைப்புச் செய்திகள் ஒரு பட்டையில் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் அது வாசிப்பவர் பேசுவதோடு சேராது. குரல் வெள்ளத்தைப் பற்றிச் சொல்லும், பட்டை பந்தயத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு ரயில் மாதிரி ஓடிவிடும். கண்ணும் காதும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. அவள் எழுந்து போய், நல்ல கையால், திரையின் அடியில் எழுத்து வர வேண்டிய இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

"அது... அது..."

மீட்டர் துள்ளிவிட்டான். "பாத்தியா! உனக்கே தெரியுதா அக்கா? கீழ ஓடற பட்டைதானே? ஓரத்துல லேசா நடுங்குது இல்ல?"

"அது... சாவி... அது!"

"புரியுது, புரியுது. நானும் அதைத்தான் பாத்துட்டு இருக்கேன்."

"மடையா!"

"கோவப்படாதே. சரி பண்ணிடறேன்."

அன்று மன்றத்தில் எழுதினான்: 'பயிற்சி இல்லாத என் அக்காவே இந்த நடுக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.' பதினேழு பேர் பாராட்டினார்கள்.

அன்றிலிருந்து தினமும் பத்து மணிக்கு இதே கூத்து. அக்கா அடியில் தட்டுவாள், அவன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து ஒன்றை மாற்றுவான். நிறம் மாறும், விளிம்பு மாறும், எழுத்து மட்டும் வராது. அவள் பேப்பரை எடுத்து வந்து அவன் மடியில் போட்டாள். அவன் அதை மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலின் கீழே முட்டுக் கொடுத்து, "இப்ப ஆடல பாரு" என்றான். தனியாகப் படித்துப் பார்த்தாள். குரல் இல்லாமல் எழுத்துகள் வெறும் வளைவும் சுழியுமாக நின்றன. எழுதிக் காட்டலாமென்றால் வலது கை கோணல் கோடு போட்டது, இடது கைக்கு எழுத்தே வரவில்லை. வசவுகள் வந்தன. தொழிற்சாலையில் நாற்பது பேருக்கும் பிரித்துக் கொடுத்தவை எல்லாம் இப்போது ஒருவன் தலையில் இறங்கின. அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அக்காவுக்கு இப்ப வாய் நல்லாவே வருது" என்று மனைவியிடம் சொன்னான்.

"தினம் செய்தி பாக்கறாங்களா?" என்று மனைவி சலவைச் சோடாவில் வெந்த கைகளைத் துடைத்துக்கொண்டே கேட்பாள்.

"அரை மணி நேரம். ஒரு நாள் விடல."

அது பொய்யும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு விடுமுறை, அன்று அந்தச் செய்தி கிடையாது. மூன்று வாரம் இப்படிப் போயிற்று. 'மழை' இருந்தது, 'வரும்' போய்விட்டது. 'பாலம்' எங்கே போனதென்று தெரியவில்லை. தன் வீட்டுக் கதவும், அதன் எண்ணும், படியும் அக்காவுக்குக் கண்ணை மூடினால் தெரிந்தன. கண்ணைத் திறந்தால் ஜன்னல் சாத்திய முன்னறை, தம்பியின் முதுகு, வாழ்நாள் முழுவதற்கும். சூப்பர்வைசராக இருந்தவள் அழுகிறவளில்லை. ஆனால் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

நாலாவது வாரம் சலவைப் பிரிவில் கொதிகலன் பழுதாகி, ஒரு புதன்கிழமை எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒன்பதே முக்காலுக்கு வீடு வந்த மனைவி, செருப்பைக்கூடக் கழற்றாமல், நாத்தனாரின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். செய்தி ஆரம்பித்தது. அவளுக்கு ஒரு நிமிஷம் போதுமாயிருந்தது.

"ஏங்க, எழுத்து எங்க?"

"என்ன எழுத்து?"

"அண்ணி படிக்கிற எழுத்துங்க! பேசறதைக் கீழ போடுவாங்கன்னு நீங்கதானே அந்த மேடம்கிட்ட சொன்னீங்க?"

மீட்டர் திரையைப் பார்த்தான். மூன்று வாரத்தில் முதல் முறையாக, அதில் என்ன இருக்கிறது என்று பார்த்தான். "ஆமால்ல" என்றான்.

"எத்தனை நாளா இல்ல?"

"கவனிக்கலையே."

"பக்கத்துலயேதானே உக்காந்திருந்தீங்க!"

"நான் படத்தைப் பாத்துட்டு இருந்தேன்." பிறகு அவன் முகம் மலர்ந்தது. காரணம் புரிந்துவிட்டால் அவனுக்குக் குற்றம் தீர்ந்துவிடும். "அது ஒண்ணுமில்ல. எழுத்தும் படத்துக்குள்ளயேதான் மறைஞ்சு வரும். அதை டிகோடர்தான் பிரிச்சுக் கொடுக்கணும். இந்தப் புது டிகோடர் வேலையை நேரா, படம் வரையற கிராஃபிக்ஸ் கார்டுகிட்டத் தள்ளி விட்டுடுது, அதான் வேகம். கார்டுக்குப் படம்தான் தெரியும், எழுத்து தெரியாது."

"கார்டும் உங்களை மாதிரிதான்னு சொல்லுங்க. பழசையே போடுங்க."

"பழசை எடுத்துட்டேன். எழுத்து வர்றது அது ஒண்ணுலதான், ஆனா அது இருந்தா மத்ததோட மோதும். சி.டி.யில இருக்கு."

"அதைப் போடுங்க."

"சி.டி. டிரைவைக் கழட்டிட்டேனே. சத்தம் வந்துச்சு."

அக்கா இவ்வளவு நேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒருத்திக்குப் புரிந்துவிட்டது என்றதும் உடம்பு தளர்ந்து நாற்காலியில் சாய்ந்தாள். "நாயே" என்றாள் களைப்போடு. தம்பியிடம்தான்.

"ரெண்டு நாள் டைம் குடு. எழுத்தும் வரணும், பல்லும் வரக்கூடாது, அப்படி ஒரு டிகோடர் கண்டிப்பா இருக்கும்" என்றான் மீட்டர்.

மனைவி குனிந்து, மேஜைக் காலின் அடியிலிருந்து பேப்பரை உருவினாள். மேஜை ஆடியது. "நீங்க தேடிக்கிட்டே இருங்க" என்றாள்.

அன்று முதல் தினமும் நாலு மணிக்குச் சமையலறையில் பயிற்சி நடந்தது. முந்நூறு போர்வை மடித்துவிட்டு வந்தவளுக்குக் கண் சொக்கும். வரியின் பாதியில் குரல் இழுத்துக்கொண்டு போய் நின்றுவிடும். அக்கா முழங்கையால் இடித்து, "எருமை" என்பாள். "இதோ இதோ, அண்ணி" என்று அவள் விட்ட இடத்திலிருந்து பிடிப்பாள். பேப்பர் முடிந்ததும் பெரிய எழுத்தில் எழுதிப் படித்தார்கள்: பெயர், கதவு எண், தெரு, மாடி, 'கீழே விழுந்துவிட்டேன்', 'எழுந்திருக்க முடியவில்லை'. எழுதத் தாள் இல்லாமல் மீட்டரின் நோட்டிலிருந்து பின்பக்கங்களைக் கிழித்தாள்.

"ஐயையோ, அது டெஸ்ட் நோட்டு!"

"அதான் கிழிச்சேன்."

பதினாறு நாள்தான் கையில் இருந்தது. முதல் நாலு நாள் ஒன்றும் வரவில்லை. ஐந்தாம் நாள் பெயர் வந்தது. தன் பெயரைச் சொன்னதும் அக்கா யாரோ கூப்பிட்டது போலத் திரும்பிப் பார்த்தாள். தெருவின் பெயர் கடைசி வரையில் வழுக்கிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் வரும், மறுநாள் அதே இடத்தில் 'அமைச்சர்' வந்து நிற்பார்.

சோதனை நாளன்று மூவரும் போனார்கள். அக்காவை ஒரு கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே, மேஜையில் ஃபோனோடு உட்காரவைத்துவிட்டுப் பயிற்சி தருகிற பெண் பக்கத்து அறைக்குப் போனாள். மணி அடித்தது. அக்கா இடது கையால் எடுத்தாள்.

"வணக்கம், யார் பேசறீங்க?"

பெயரைச் சொன்னாள்.

"எங்கேருந்து?"

கதவு எண் வந்தது. மாடி வந்தது. தெரு... வாய் திறந்து நின்றது. தொடையைத் தட்டினாள், ஒரு முறை, இரண்டு முறை. வந்தது.

"என்ன ஆச்சும்மா?"

அக்கா நிமிர்ந்தபோது கண்ணாடிக்கு வெளியே காத்திருப்போர் கூடம் தெரிந்தது. அங்கே சுவரில் ஒரு டி.வி. மாட்டியிருந்தது. காது மந்தமான ஒரு கிழவர் தடியை ஊன்றிக்கொண்டு அதில் ஓடின எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார். மீட்டர் போய் அவருக்கு முன்னால் நின்றான். மூக்கைத் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்தான். எழுத்து இடைஞ்சலாக இருந்தது போலிருக்கிறது, உள்ளங்கையால் அதை மறைத்துக்கொண்டு, படத்தின் விளிம்பை உற்றுப் பார்த்தான்.

"தம்பி" என்றாள் அக்கா ஃபோனில்.

"தம்பிக்கு என்னம்மா?"

"ஒண்ணும்... ஆகல. அவன்... அப்படித்தான்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "நான் விழுந்துட்டேன். எழுந்திருக்க முடியல. வாங்க."

பக்கத்து அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் காகிதத்தோடு வந்தாள். கையெழுத்துப் போட்டிருந்தாள். மனைவி அதை இரண்டு முறை படித்து, நாலாக மடித்து, பையின் உள்பையில் வைத்தாள். சனிக்கிழமை அக்கா தன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, ஜன்னலை விரியத் திறந்து வைத்தாள்.

இப்போது தினமும் நாலு மணிக்கு அவள் மீட்டர் வீட்டுக்கு ஃபோன் செய்கிறாள். மனைவி எடுத்தால், இருவரும் ஆளுக்கொரு பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரே வரியைச் சேர்ந்து படிக்கிறார்கள். சில நாள் மீட்டர் எடுத்துவிடுகிறான்.

"அக்கா, உன் வீட்டுக்கு ஒரு டியூனர் வாங்கி மாட்டித் தரட்டுமா? இப்ப எட்டாவதா ஒரு டிகோடர்—"

"ஃபோனை அவகிட்ட குடு" என்கிறாள் அக்கா. தடுமாறாமல் வருகிறது.